பழைய காரின் ஸ்டீயரிங்கை அரிக்கும் துரு: கவனிக்க வேண்டியவை

2025 மே 13-ஆம் தேதி, தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமி பாதுகாப்புப் பணியை முடித்துத் திரும்பிய கலகத் தடுப்புப் போலீசார் 9 பேர், கல் ஏற்றி வந்த லோரியுடன் நிகழ்ந்த விபத்தில் உயிரிழந்தனர். லோரியின் ஸ்டீயரிங் செயலிழந்ததும் அளவுக்கு மீறிய சுமையும் விசாரணையில் முக்கியக் காரணங்களாகக் கண்டறியப்பட்டன. ஸ்டீயரிங் கைவிட்டால் என்ன ஆகும் என்பதை நாடே அன்று கண்டது.

லோரிகளுக்கு 6 மாதத்திற்கு ஒருமுறை பரிசோதனை கட்டாயம். சொந்தக் கார்களுக்கு அப்படியில்லை. பொதுவாகப் பெயர் மாற்றும்போதுதான் பரிசோதனைக்குப் போகின்றன. காப்புறுதியும் சாலை வரியும் புதுப்பித்தால் போதும், கார் ஓடும். ஆகவே 15, 20 ஆண்டுகளைத் தாண்டிய கஞ்சில், வீரா போன்ற கார்களின் அடிப்பகுதியைக் கவனிப்பது உரிமையாளரின் பொறுப்பே.

துரு எங்கிருந்து வருகிறது?

குளிர் நாடுகளில் பனியைக் கரைக்கச் சாலையில் உப்பு தூவுவார்கள். அந்த உப்பு ஸ்டீயரிங் போல்ட்டுகளை அரிப்பதால், 2018 மார்ச்சில் டெஸ்லா சுமார் 1,23,000 மாடல் எஸ் கார்களைத் திரும்ப அழைத்தது. நம் நாட்டில் பனி இல்லை. ஆனால் போர்ட் கிள்ளானில் கடற்காற்று உண்டு. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் கார்கள் மூழ்கியதைப் போன்ற வெள்ளமும் உண்டு. செம்பனைத் தோட்டங்களில் பொட்டாஷ் உரம் ஏற்றும் வண்டிகளில் சிந்தும் உரமும் ஒருவகை உப்புதான். சேறு ஒட்டிய இடத்தில் ஈரம் காயாமல் நின்று இரும்பை அரிக்கிறது.

எந்தப் பாகங்கள்?

ஸ்டீயரிங் ரேக்கின் இரு முனைகளிலும் ரப்பர் உறை இருக்கும். அது கிழிந்தால் தண்ணீர் உள்ளே புகுந்து, ரேக் கம்பி துருப்பிடித்து, எண்ணெய் சீலும் கெடும். டை ராட் முனை, பால் ஜாயிண்ட், ஸ்டீயரிங் தண்டின் இணைப்பு, பவர் ஸ்டீயரிங் எண்ணெய்க் குழாய், ரேக்கைத் தாங்கும் சட்டம் ஆகியவையும் பாதிக்கப்படும்.

முன்னறிவிப்புகள்

• ஸ்டீயரிங் திடீரென இறுகுவது, அல்லது வளைந்தபின் தானாக நேர்நிலைக்குத் திரும்பாதது
• ஸ்டீயரிங்கைச் சற்றுத் திருப்பியும் சக்கரம் அசையாமல் இருப்பது
• மேடு பள்ளத்தில் முன்பக்கம் ‘டக் டக்’ சத்தம்
• கார் ஒரு பக்கம் இழுப்பது, டயர் ஓரம் மட்டும் தேய்வது
• நிறுத்திய இடத்தில் எண்ணெய்க் கசிவு

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பட்டறையில் காரை உயர்த்திப் பார்க்கச் சொல்ல வேண்டும். முன் சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராட் தளர்வும், மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பால் ஜாயிண்ட் தளர்வும் தெரியும். வீட்டில் வெறும் ஜாக்கை நம்பிக் காருக்கு அடியில் நுழைவது ஆபத்து.

ஓடும்போது பழுதானால்

எண்ணெய்க் குழாய் வெடித்து உதவி விசை மட்டும் போயிருந்தால் ஸ்டீயரிங் கனக்கும், ஆனால் பலம் கொடுத்தால் திரும்பும். இணைப்பே அறுந்தால் அது வெறுமனே சுற்றும். எப்படியானாலும் எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்து, அபாய விளக்கைப் போட்டு, பிரேக்கைச் சீராக அழுத்தி நிறுத்த வேண்டும். ஓடும்போது சாவியைத் திருப்பி எஞ்சினை அணைக்கக் கூடாது. பிரேக்கின் உதவி விசை குறையும், ஸ்டீயரிங்கும் பூட்டிக்கொள்ளலாம். நின்றபின் தடுப்புக்கு அப்பால் ஒதுங்கி நின்று உதவிக்கு அழைக்க வேண்டும். அதன்பின் காரை ஓட்டக் கூடாது, இழுவை லோரியில்தான் ஏற்ற வேண்டும்.

சரிசெய்யும்போது

துருப்பிடித்த டை ராடையோ பால் ஜாயிண்ட்டையோ வெல்டிங் வைத்து ஓட்டக் கூடாது. சூடுபட்ட இரும்பின் வலிமை மாறிவிடும். புதிய பாகம்தான் தீர்வு. செலவைக் குறைக்க ஹாஃப்கட் ரேக் வாங்குவோர், ரப்பர் உறையை விலக்கிக் கம்பியில் துருப்புள்ளி இல்லையென்று பார்த்தபின் பணம் கொடுப்பது நல்லது. வேலை முடிந்ததும் சக்கர அலைன்மெண்ட் அவசியம்.

வெள்ளத்திலோ தோட்டச் சேற்றிலோ ஓடிய காரின் அடிப்பகுதியை அன்றே நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். கிழிந்த ரப்பர் உறையை உடனே மாற்றினால், அதைவிடப் பல மடங்கு விலையுள்ள ரேக் தப்பும். காரில் பயணிக்கும் குடும்பமும் தப்பும்.