வளைபாதமும் என்புச் சத்திரசிகிச்சையும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

மருத்துவ வரலாற்றை மேதைகளின் பெயர்வரிசையாக எழுதும் மரபு இன்றும் வலுவாகவே உள்ளது. பிறவி வளைபாதத்துக்கான என்புச் சத்திரசிகிச்சையின் வரலாறும் பெரும்பாலும் அவ்வாறே எழுதப்பட்டுள்ளது. கத்தி ஏன் என்பு வரை சென்றது என்ற வினாவை அப்பெயர்வரிசை எழுப்புவதில்லை. விடையின் ஒரு பகுதி மருத்துவத்துக்கு வெளியே, சமூக உறவுகளில் உள்ளது என்பதே எமது கருத்து.

ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளுள் ஒன்று, பாதம் உள்நோக்கியும் கீழ்நோக்கியும் திரும்பிய நிலையிற் பிறக்கின்றது. சிசுவின் பாத என்புகள் பெரும்பாலும் கசியிழையமாகவே இருப்பதனால் மெல்லிய அழுத்தத்துக்கு இணங்கும். பிள்ளை வளர்ந்து அவ்வாறே நடந்து பழகியபின் அவை கோணிய வடிவிலேயே இறுகிவிடும். எனவே, இங்கு காலமே தீர்மானிக்கும் காரணி. அது எல்லா வர்க்கத்தினருக்கும் ஒரே அளவிற் கிடைப்பதன்று.

1831இல் ஹனோவரைச் சேர்ந்த ஸ்ற்றோமையர் தோலிற் சிறு துளையிட்டுக் குதிநாணை வெட்டும் முறையைக் கையாண்டார். சிறுவயதில் இளம்பிள்ளைவாதத்தாற் பாதம் வளைந்த லண்டன்வாசி வில்லியம் ஜோன் லிற்றில் 1836இல் அவரிடம் சிகிச்சை பெற்று, அம்முறையை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். விடுதி உரிமையாளரின் மகனான அவருக்கு ஜேர்மனி சென்று கற்கவும் குணமடையவும் முடிந்தது. பிளோபேரின் 'மடம் பொவாரி' (1857) நாவலில் இதே சிகிச்சைக்கு உள்ளாகும் இப்பொலித்தோ, விடுதியொன்றின் குதிரைலாயப் பணியாள். மருந்துக்கடைக்காரரின் புகழாசைக்கும் அரைகுறைப் பயிற்சி பெற்ற சார்ள்ஸின் இணக்கத்துக்கும் அவனுடைய கால் பலியாகின்றது. பத்திரிகைக்குப் புகழ்க்கட்டுரை சென்ற பின்னர் கால் அழுகி, தொடையோடு துண்டிக்கப்படுகின்றது. நாவலாசிரியரின் தந்தை ரூவன் நகரின் சத்திரசிகிச்சை நிபுணர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இறுகிவிட்ட பாதத்தை நாண்வெட்டு மட்டும் நிமிர்த்தவில்லை. 1850களிலேயே லண்டனில் சொலி பாதத்தின் வெளிப்புறத்துக் கனவடிவ என்பை அகற்றியிருந்தார். எனினும் 1867இல் லிஸ்ரர் தொற்றுநீக்கி முறையை வெளியிட்ட பின்னரே என்பைத் தொடும் துணிவு பரவலாயிற்று. 1872இல் மான்செஸ்ரரின் லண்ட் கணுவென்பையே எடுத்தார். அதே பத்தாண்டில் லண்டனில் டேவி நடுப்பாதத்திலிருந்து ஆப்பு வடிவில் என்பை வெட்டினார். கோணிய பாதத்தின் வெளிப்புறம் நீண்டும் உட்புறம் குறுகியும் இருக்கும். நீண்ட புறத்தைக் குறைத்தால் பாதம் நேராகும் என்பதே இவற்றின் தருக்கம். பாதம் நேராயிற்று, சிறுத்து விறைக்கவும் செய்தது. மாதக்கணக்கில் இரும்புக் கருவி பூட்டி, அன்றாடம் கவனித்துத் திருத்தும் வழி அக்காலத்தில் இருக்கவே செய்தது. நாட்கூலிக்கு ஆலை சென்ற தாய்க்கு அது எட்டியிராது என்றே நாம் கருதுகிறோம். சில வாரங்களில் முடியும் என்புவெட்டு அவளுக்கு எட்டக்கூடிய வழி. சத்திரசிகிச்சையாளரின் மனிதாபிமானத்தை நாம் மறுக்கவில்லை. அவர்கள் முன் வந்த பாதங்கள் எவ்வாறு அந்நிலையை அடைந்தன என்பதே எமது வினா.

1923இல் சிக்காகோவின் ரயர்சன் விவரித்த மும்மூட்டுப் பிணைப்பு, பாதத்தின் மூன்று மூட்டுக்களை நிரந்தரமாக ஒன்றிணைப்பது. வளர்ச்சி தடைப்படும் என்பதனால் ஏறத்தாழப் பன்னிரண்டு வயது வரை காத்திருக்க வேண்டும். 1961இல் கார்டிவ் நகரின் எவன்ஸ் உட்புற மென்னிழையங்களைத் தளர்த்தி, வெளிப்புற மூட்டில் ஆப்பு வெட்டி இணைத்தார். 1963இல் லிவர்பூலின் டுவையர் குதியென்பை வெட்டித் திருத்தினார். இருவரும் முன்னிட்டது மீண்டும் கோணிய பாதங்களையே.

அதே 1963இல் ஐயோவாவிலிருந்து பொன்செற்றி தமது முறையின் பெறுபேறுகளை வெளியிட்டார். வாராந்தப் பிளாஸ்ரர் கட்டுக்கள் ஐந்தாறு, பெரும்பாலானோருக்குக் குதிநாண் வெட்டு, பின்னர் நான்கு வயதளவும் இரவில் அணியும் பட்டைச் சப்பாத்து: இவ்வளவே. முப்பதாண்டுக் கண்காணிப்பு முடிவுகள் 1995இல் வெளிவரும் வரை சத்திரசிகிச்சை உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை. எளிய கைத்திறனுக்குத் தொழில்சார் மதிப்புக் குறைவு என்பது இதற்கொரு காரணமாகலாம். 2000களில் மலாவியிலும் உகண்டாவிலும் பயிற்சி பெற்ற, வைத்தியரல்லாத ஊழியர்களே கட்டுக்களைப் போட்டனர். ஆயினும் வாரந்தோறும் சிகிச்சை நிலையம் வரப் பேருந்துக் கட்டணம் வேண்டும். ஒரு நாட்கூலியையும் இழக்க வேண்டும். இரவுச் சப்பாத்தை இடையில் நிறுத்தினால் பாதம் மீண்டும் கோணும். உரிய காலத்தில் சிகிச்சை கிட்டாது வளர்ந்துவிட்ட பிள்ளைகளுக்கு இன்றும் ரயர்சனின் மும்மூட்டுப் பிணைப்புச் செய்யப்படுகின்றது.