ஹெட்லைட் உள்ளே கறுப்பு பெயிண்ட்: எதில் அடிக்கலாம், எதைத் தொடவே கூடாது?

பழைய மைவி, சாகா கார்களின் ஹெட்லைட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் வெள்ளிப் பளபளப்பைக் கறுப்பாக மாற்றுவது இளையர்களிடம் பிரபலமான ஒரு மாற்றம். 'பிளாக் ஹவுசிங்' என்பார்கள். செலவு குறைவு, காரின் முகமே மாறிவிடும். ஒரு வார இறுதியில் வீட்டிலேயே முடித்துவிடலாம் என்று காணொளிகள் சொல்கின்றன.

முடிக்கலாம்தான். ஆனால், அதே ஹெட்லைட்டுக்குள் பெயிண்ட் அடிக்கக்கூடிய ஒரு பாகமும், அடித்தால் இரவில் சாலையே தெரியாமல் போகும் இன்னொரு பாகமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டும் ஒரே மாதிரிப் பளபளக்கும். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

ஹெட்லைட்டுக்குள் என்னென்ன இருக்கிறது?

நான்கு பாகங்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

• முன்பக்கக் கவர்: நாம் 'கண்ணாடி' என்று சொன்னாலும், இன்றைய கார்களில் இது பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். வெயில் தாங்க இதன்மேல் ஒரு பாதுகாப்புப் பூச்சு இருக்கும்.

• ரிஃப்ளெக்டர்: பல்புக்குப் பின்னால் இருக்கும் கிண்ணம். பல்பின் ஒளியைச் சேர்த்துச் சாலையை நோக்கி அனுப்புவது இதுதான். இதன்மேல் இருப்பது ஒரு மைக்ரானைவிட மெல்லிய அலுமினியப் படலம்.

• பெசல்: ரிஃப்ளெக்டரைச் சுற்றி இருக்கும் அலங்காரச் சட்டம். ஒளியை அனுப்பும் வேலை இதற்கு இல்லை. உள்ளே இருக்கும் திருகு, இடைவெளி எல்லாவற்றையும் மறைத்து அழகாகக் காட்டுவதுதான் இதன் வேலை.

• பின்கூடு: இவை எல்லாவற்றையும் தாங்கும் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி. முன்பக்கக் கவர் இதோடு பசையால் ஒட்டப்பட்டிருக்கும்.

பெயிண்ட் அடிக்கக்கூடியது பெசல் மட்டுமே. ரிஃப்ளெக்டருக்கும் முன்பக்கக் கவருக்கும் கூடாது.

சில கார்களில் பெசலும் ரிஃப்ளெக்டரும் தனித்தனியாக இல்லாமல் ஒரே வார்ப்பாக இருக்கும். விலை குறைந்த, பழைய மாடல்களில் இது அதிகம். உங்கள் கார் அப்படி என்றால் வேலையை அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது. டேப் ஒட்டி மறைத்து அடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். டேப்பை உரிக்கும்போது அலுமினியப் படலமும் சேர்ந்து உரிந்து வரலாம்.

கொஞ்சம் வெளிச்சம் குறைந்தால் என்ன?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மலேசியாவின் கூட்டரசுச் சாலைகளில் வழக்கமான வேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர். அந்த வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு 25 மீட்டர் நகர்கிறது. முன்னால் எதையோ பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி என்று வைத்துக்கொண்டால், அதற்குள் கிட்டத்தட்ட 38 மீட்டர் போயிருப்போம். காய்ந்த சாலையில், நல்ல டயரோடு, கார் முழுசாக நிற்க இன்னும் ஏறக்குறைய 45 மீட்டர் வேண்டும். மொத்தம் 80 மீட்டருக்கு மேல்.

சாதாரண லோ பீம் தெளிவாகக் காட்டுவது சுமார் 50, 60 மீட்டர்தான்.

அதாவது, ஹெட்லைட் ஒழுங்காக இருந்தாலே தெருவிளக்கு இல்லாத சாலையில் 90 வேகம் அதிகம். நம்மிடம் கூடுதலாகச் செலவழிக்க வெளிச்சமே இல்லை. ரிஃப்ளெக்டரில் கறுப்பு அடித்தாலோ, முன்பக்கக் கவருக்கு 'ஸ்மோக்' ஸ்ப்ரே போட்டாலோ, இருக்கிற தூரத்திலிருந்துதான் கழியும். தோட்டப்புறச் சாலையில் பின்விளக்கு எரியாத ஒரு கப்சாய் மோட்டார் சைக்கிளோ, ஓரமாக நடந்து போகிறவரோ கண்ணில் படுவது அந்தக் கடைசிப் பத்து மீட்டரில்தான்.

எதிரே வருபவருக்கும் பிரச்சினை உண்டு. மலேசியாவில் நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். அதனால் லோ பீமின் மேல் எல்லை வலப்பக்கம் தாழ்ந்து நேராகவும், இடப்பக்கம் சற்று உயர்ந்தும் இருக்கும். எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்காமல், நம் பக்கத்துச் சாலையோரத்தை அதிகம் காட்டுவதற்கான ஏற்பாடு இது. ரிஃப்ளெக்டரில் ஒரு கீறலோ பெயிண்ட் துளியோ விழுந்தால், ஒளி போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் சிதறும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வாகன விளக்குகள் 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழும், மோட்டார் வாகனங்களின் அமைப்பு, பயன்பாடு குறித்த 1959ஆம் ஆண்டு விதிமுறைகளின் கீழும் வருகின்றன. கண்ணைக் கூசச் செய்யும் விளக்குகள், அனுமதியில்லாத மாற்றங்கள் ஆகியவற்றுக்குச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேவும் போலீசும் சம்மன் கொடுக்கலாம்.

உங்கள் ஹெட்லைட் கவரை ஒருமுறை உற்றுப் பாருங்கள். ஒரு வட்டத்துக்குள் 'இ' என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கலாம். வாகனப் பாகங்கள் குறித்த ஐநாவின் 1958 ஒப்பந்தத்தின்படி அந்த விளக்கு சோதிக்கப்பட்டு அங்கீகாரம் பெற்றது என்பதற்கான முத்திரை அது. எண், அங்கீகாரம் கொடுத்த நாட்டைக் காட்டும். 1 என்றால் ஜெர்மனி, 43 என்றால் ஜப்பான். மலேசியா 2006இல் இந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தது. நம் எண் 52.

அந்தச் சோதனை முழு விளக்குக்கும் சேர்த்துச் செய்யப்பட்டது. நீங்கள் திறந்து, ஒளி போகும் வழியை மாற்றிவிட்டால், முத்திரை அப்படியே இருந்தாலும் விளக்கு பழைய விளக்கு இல்லை. அதனால் வேலையைத் தொடங்கும் முன்பே ஜேபிஜேவிடம் கேட்டுக்கொள்வது நல்லது. காப்புறுதி நிறுவனத்திடமும் சொல்லிவிடுங்கள். தெரிவிக்காத மாற்றங்கள், விபத்து நடந்து இழப்பீடு கேட்கும்போதுதான் பிரச்சினையாக வந்து நிற்கும்.

திறப்பதுதான் கஷ்டமான பகுதி

பெயிண்ட் அடிப்பது சுலபம். சேதம் பெரும்பாலும் கவரைப் பிரிக்கும்போது நடக்கிறது.

பல ஹெட்லைட்டுகளில் கவரை ஒட்டியிருப்பது பியூட்டில் என்ற கறுப்பு ரப்பர் பசை. சூடு பட்டால் இளகும். அதனால்தான் காணொளிகளில் ஹெட்லைட்டை அவனில் வைக்கிறார்கள். ஆனால் பெசல் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக். அது சுமார் 105 டிகிரி செல்சியசில் இளக ஆரம்பிக்கும். கவரில் உள்ள பாலிகார்பனேட் தாங்குவது 147 டிகிரி வரை. காணொளிகளில் சொல்லப்படும் 110, 130 டிகிரி என்பது கவருக்குச் சரி, பெசலுக்கு இல்லை. வீட்டு அவன்களின் வெப்பநிலையும் இடத்துக்கு இடம் மாறும்.

ஹீட் கன் கொண்டு, ஓரத்தைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக்கி, பிளாஸ்டிக் நெம்புகோலால் பிரிப்பது மெதுவான வழி, ஆனால் பாதுகாப்பானது. சமையலுக்குப் பயன்படும் அவனில் ஹெட்லைட்டை வைக்கவே வேண்டாம். சூடான பிளாஸ்டிக், பசை ஆகியவற்றின் புகை உணவு வைக்கும் இடத்தில் இருக்கக் கூடாது.

எந்தச் சூட்டுக்கும் இளகாத, கெட்டியான பசை போட்ட மாடல்களும் உண்டு. பலம் கொடுத்து இழுத்தால் கவர் உடையும்.

எல்இடி ஹெட்லைட் என்றால் வீட்டில் திறக்காமல் இருப்பதே மேல். 2017இல் வந்த மூன்றாம் தலைமுறை மைவியில் எல்லா ரகத்துக்கும் எல்இடி ஹெட்லைட்தான். உள்ளே மின்னணுப் பலகைகள் இருக்கும். சூடு அவற்றுக்கு ஆகாது. கெட்டுப்போனால் பல்பு மாற்றுவது போல முடியாது, முழு விளக்கையே மாற்ற வேண்டி வரலாம்.

செய்வதாக முடிவெடுத்தால், வரிசை இதுதான்

1. பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பல கார்களில் பம்பரைக் கழற்றாமல் ஹெட்லைட் வெளியே வராது. ஹேலோஜன் பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகமாகச் சூடாகி, பல்பின் ஆயுள் குறையும்.

2. கவரைப் பிரித்ததும் பெசலைத் தனியாக எடுத்துவிடுங்கள். ரிஃப்ளெக்டரைச் சுத்தமான துணியால் மூடி ஓரமாக வையுங்கள். அதைத் துடைக்காதீர்கள். தூசி இருந்தால் காற்று ஊதும் கைப்பம்பு போதும்.

3. பெசலைப் பாத்திரம் கழுவும் திரவத்தால் கழுவி, 600 அல்லது 800 எண் மணல்தாளை நனைத்து மெதுவாகத் தேய்க்கவும். குரோம் பளபளப்பு மேல் நேரே அடித்த பெயிண்ட் சில மாதங்களில் செதிலாக உரியும். தின்னர் ஊற்றித் துடைக்காதீர்கள், பிளாஸ்டிக் வெடிக்கலாம்.

4. முதலில் பிளாஸ்டிக் பிரைமர், பிறகு சூடு தாங்கும் மேட் கறுப்பு. கனமாக ஒரே தடவை அடிப்பதைவிட, மெல்லியதாக மூன்று நான்கு தடவை. ஒவ்வொன்றுக்கும் நடுவே 10, 15 நிமிட இடைவெளி.

5. மழை பெய்து ஓய்ந்த ஈரப்பதத்தில் ஸ்ப்ரே செய்யாதீர்கள். காய்ந்துகொண்டிருக்கும் பெயிண்டில் ஈரம் படிந்து வெள்ளைப் படலம் வரும். நம் ஊர்ப் பருவநிலையில் இது அடிக்கடி நடக்கும்.

6. தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக அன்றே மூடிவிடாதீர்கள். பெயிண்டிலிருந்து ஆவி பல நாள்கள் வெளியேறிக்கொண்டே இருக்கும். மூடிய ஹெட்லைட்டுக்குள் அது கவரின் உட்பக்கம் மங்கலாகப் படியும். வெளியிலிருந்து துடைக்க முடியாது, மறுபடி திறக்க வேண்டியதுதான். ஒரு வாரம் காற்றோட்டமான இடத்தில் விடுங்கள்.

7. பழைய பசையை முழுக்க எடுத்துவிட்டு, புதுப் பியூட்டில் பசை போட்டு மூடவும். பின்கூட்டில் இருக்கும் சிறிய காற்றுத் துளைகளை அடைத்துவிடாதீர்கள். காரில் பொருத்தும் முன் குழாய்த் தண்ணீர் பீய்ச்சிப் பாருங்கள். லேசாக நீராவி படிந்து, விளக்கு எரிந்ததும் மறைந்தால் பரவாயில்லை. தண்ணீர் தேங்கினால் கசிவு.

உங்கள் மூச்சும் முக்கியம்

ஸ்ப்ரே பெயிண்டின் கரைப்பான் ஆவியை மருத்துவ முகக்கவசம் தடுக்காது. கரிம ஆவி வடிகட்டி பொருத்திய கவசம் வேண்டும், ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கும். 'டூ-கே' வகை கிளியர் கோட்டில் ஐசோசயனேட் இருக்கும். அது ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது, அதை வீட்டில் தவிர்க்கலாம்.

ஆவி சுலபமாகத் தீப்பிடிக்கும். கேஸ் அடுப்பு, சாமி விளக்கு, ஊதுபத்தி எதுவும் அருகில் எரியக் கூடாது. அடுக்குமாடி வீட்டின் நடைபாதை இதற்கு ஏற்ற இடமே இல்லை. காற்றும் போகாது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து சுவாசிப்பார்கள்.

மாட்டிய பிறகு ஒரு சுவர்ச் சோதனை

ஹெட்லைட்டைக் கழற்றி மாட்டினாலே அது காட்டும் கோணம் மாறியிருக்கலாம். சமதரையில், சுவருக்கு 5 மீட்டர் தள்ளிக் காரை நிறுத்துங்கள். தரையிலிருந்து பல்பின் நடுப்பகுதி எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் டேப் ஒட்டுங்கள். லோ பீமின் மேல் எல்லை அந்தக் கோட்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். இரண்டு விளக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கோட்டுக்கு மேலே போனால் எதிரே வருபவர் கண் கூசும். ரொம்பக் கீழே விழுந்தால் உங்களுக்குச் சாலை தெரியாது. பட்டறையில் இதற்கான கருவி இருந்தால் அங்கே சரிபார்ப்பது இன்னும் துல்லியம்.

வேறு வழி இருக்கிறதா?

இரண்டு இருக்கின்றன.

முதலாவது, கார் பழசாகத் தெரிவதற்குக் காரணம் உள்ளே இருக்கும் வெள்ளிப் பளபளப்புதானா என்று பாருங்கள். பல கார்களில் உண்மையான காரணம் மஞ்சளாகிப்போன கவர். வெயிலில் பாதுகாப்புப் பூச்சு தேய்ந்து பாலிகார்பனேட் பழுத்துவிடும். வெளிப்பக்கத்தை மணல்தாளால் தேய்த்து, பாலிஷ் போட்டு, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சை மறுபடி கொடுத்தால் போதும். எதையும் திறக்க வேண்டாம். காரும் புதுசாகத் தெரியும், வெளிச்சமும் கூடும்.

இரண்டாவது, கறுப்புதான் வேண்டும் என்றால், ஹாஃப்கட் கடையில் உங்கள் மாடலுக்கான பழைய ஜோடி ஒன்றை வாங்கி அதில் செய்து பாருங்கள். கவர் உடைந்தாலும் பெசல் வளைந்தாலும் நஷ்டம் கொஞ்சம்தான். ஒரிஜினல் ஜோடியைப் பெட்டியில் போட்டு வையுங்கள். காரை விற்கும்போது, உரிமை மாற்றத்துக்காகப் புஸ்பாகோம் பரிசோதனைக்குப் போக வேண்டிய நாளில், அந்தப் பெட்டி கைகொடுக்கும்.