ஒல்லாந்தர் காலத்துக் கத்தோலிக்க மக்கள்

1658 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்குப் புகலிடம் அளிப்போர்க்கு மரணதண்டனை எனக் கட்டளை பிறந்தது. தேவாலயங்கள் சீர்திருத்தத் திருச்சபையின் பிரசங்க மண்டபங்களாகவும் பாடசாலைகளாகவும் மாறின. 1621 இல் போர்த்துக்கேயர் நல்லூர்க் கந்தசுவாமி கோவிலை இடித்தபோது சைவ மக்கள் அநுபவித்த அச்சத்தை, இப்பொழுது போர்த்துக்கேயரின் மதத்தைத் தழுவியிருந்தோர் அநுபவிக்கலாயினர். இடித்தவர்கள் கப்பலேறிவிட்டார்கள். எஞ்சி நின்றவர்கள் இம்மண்ணின் கமக்காரரும் மீனவரும்.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி கணக்கேட்டோடு வந்த வியாபார நிறுவனம். கத்தோலிக்கன் போர்த்துக்கேயன் பக்கஞ் சாய்பவன் என்பதே அதன் சந்தேகம். வாளைக் காட்டிலும் தோம்பையே அது நம்பியது. ஞானஸ்நானமும் விவாகமும் தோம்பிலே பதியப்படல் வேண்டும். பதிவில்லா விவாகம் செல்லாது. அதிற் பிறந்த பிள்ளைக்கு முதுசம் கிட்டுவதும் ஐயமே. பாடசாலைக்கு வரத் தவறினால் தண்டம். சைவரும் கத்தோலிக்கரும் ஒருங்கே அப்பட்டியலிற் பெயர் கொடுத்தனர். அவர்களைக் கோழைகள் என்று இகழ்வோர் உளர். காணித்துண்டு ஒன்றையே சீவனமாகக் கொண்ட குடும்பத்தின் தலைவனுக்கு வேறு வழி என்ன இருந்தது என்பதை அவர்கள் சொல்வதில்லை.

மன்னார்ப் பகுதியில் வேறொரு வழி தேடப்பட்டது. 1670 இல் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதாவின் திருச்சொரூபத்தைச் சுமந்துகொண்டு வன்னிக் காட்டினுட் புகுந்தன என்பது மடுவின் மரபு.

குருவின்றி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்தன. 1687 இல் யோசேவ் வாஸ் அடிகளார் தூத்துக்குடியிலிருந்து கூலியாள் வேடத்தில் வந்து சேர்ந்தார். கழுத்திற் செபமாலையுடன் வாயில்தோறும் பிச்சையேற்று, அம்மாலையைக் கண்டு எவர் முகம் மாறுகிறது என்று நோக்கித் தம்மவரை அறிந்தார் என்பர். சில்லாலை மக்கள் அவரை மறைத்து வைத்தனர். இரவிலே பூசை, விடியுமுன் வேறு வீடு. சில ஆண்டுகளுள் நத்தார் இரவொன்றில் கூடியிருந்தோர் பலர் பிடிபட்டனர். அவர்களுள் எண்மர் கசையடியும் கடூழியமும் பெற்றனர். குரு தப்பினார், விலை கொடுத்தவர்கள் கிராமத்தவர்களே. இதனைப் புனிதர் சரித்திரங்கள் இரண்டொரு வரிகளிற் கடந்துவிடுகின்றன.

வாஸ் அடிகளார் கோவாவின் கொங்கணிப் பிராமண குலத்தவர். அவர் சார்ந்த சபையும் அக்காலத்தில் அக்குலத்துக் குருமாரின் சபையே. அத்தகையவர் கூலியாளின் அரைத்துணியோடு ஏழைகளின் குடிசையில் உண்டு உறங்கியது சிறிய செய்தியன்று. ஆயினும் அதனாற் கத்தோலிக்கரிடையே சாதி ஒழிந்தது என்று எவரேனும் கூறுவாராயின், அவர் நம் கரையோரக் கிராமங்களை அறியாதவர்.

1692 இல் கண்டி சென்ற அவரை ஒற்றரென ஐயுற்றுச் சிறையிட்டனர். பின்னர் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரைச் சுதந்திரமாக நடமாடவிட்டான். ஒல்லாந்தரால் விரட்டப்பட்டோர் ஒல்லாந்தரின் எதிரியிடம் அடைக்கலம் பெறுவதில் அரசியலும் உண்டு. பௌத்த அரசனின் பெருந்தன்மையும் உண்டு. 1697 இல் கண்டியில் அம்மைநோய் பரவியது. அரசனும் பிரதானிகளும் நகரை நீங்கினர். நோயாளர் காடுகளிற் கைவிடப்பட்டனர். அடிகளாரும் அவர் மருமகன் யோசேவ் கர்வாலோ அடிகளாரும் அவர்களுக்குக் குடில் அமைத்து, கஞ்சி காய்ச்சி ஊட்டி, புண் கழுவி, இறந்தோரைப் புதைத்தனர். அக்குடில்களில் எவரிடமும் மதம் கேட்கப்படவில்லை.

1711 இல் அவர் கண்டியிலேயே காலமானார். 1806 இல் ஆங்கிலேயர் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கியபோது, தோம்பிற் சீர்திருத்தச் சபையினராயிருந்தோர் பெருந்தொகையினராகத் தத்தம் கோவில்களுக்குத் திரும்பினர். 150 ஆண்டுப் பதிவுகள் அவ்வளவே.

மடுவின் சொரூபமோ 2008 ஏப்ரலில், போர் நெருங்கி வந்தபோது, மீண்டும் ஒருமுறை தேவன்பிட்டிக்குச் சுமந்து செல்லப்பட்டது. ஓகஸ்ட் மாதத்தில் திரும்பியது.