அன்னா எங்கே போனாள்?

உலக சினிமா பேசுகிற நம்ம மக்களிடம் ஒரு சண்டை ஓயவே ஓயாது. ஒருத்தர் படம் புரியலைன்னு சொன்னா, 'பொறுமையா பாருங்க பாஸ், அது வேற லெவல்' என்று ஒரு கோஷ்டி கிளம்பும். 'மொக்கையை மொக்கைன்னு சொல்லவும் ஒரு தைரியம் வேணும்யா' என்று எதிர் கோஷ்டி வரும். இது ஏதோ இன்டர்நெட் வந்தப்புறம் பிறந்த வியாதின்னு நினைச்சுட்டிருந்தேன். கிடையாது. 1960 மே மாதம், பிரான்ஸில், கோட்டு சூட்டு போட்ட பெரிய மனிதர்கள் தியேட்டருக்குள்ளேயே இதைப் போட்டிருக்கிறார்கள்.

இடம், கான் திரைப்பட விழா. படம், மிக்கேலாஞ்செலோ அந்தோனியோனி எடுத்த 'லாவென்தூரா'. இத்தாலிய மொழியில் சாகசம் என்று அர்த்தம். சும்மா வந்து போகிற காதல் தொடர்புக்கும் அதே வார்த்தைதான். படத்தில் சாகசம் எதுவும் இல்லை, ரெண்டாவது நிறையவே உண்டு.

கதை ரொம்ப சுலபம். பணக்கார நண்பர்கள் சிலர் சிசிலி பக்கத்தில் உள்ள எரிமலைத் தீவுகளுக்குப் படகில் உல்லாசப் பயணம் போகிறார்கள். அதில் அன்னா என்ற பெண், அவளுடைய காதலன் சாந்த்ரோ, தோழி கிளாவ்தியா. லிஸ்கா பியாங்கா என்ற மொட்டைப் பாறைத் தீவில் இறங்குகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அன்னாவைக் காணோம். தேடுகிறார்கள், தேடுகிறார்கள், தேடிக்கொண்டே இருக்கிறார்கள். பிறகு தேடப்போன சாந்த்ரோவும் கிளாவ்தியாவும் ஒருத்தர் மேல் ஒருத்தர் ஆசைப்பட ஆரம்பிக்கிறார்கள். அன்னா என்ன ஆனாள்? செத்தாளா, ஓடிப்போனாளா? கடைசி வரை பதில் கிடையாது. இரண்டு மணி நேரம் இருபது நிமிஷத்துக்கும் மேலே ஓடுகிற படத்தில், முக்கியமான கேள்வியை அப்படியே அம்போன்னு விட்டுட்டுப் போய்விடுகிறார் மனுஷன்.

கானில் சபை பொறுக்கவில்லை. சீரியஸான இடங்களில் சிரிப்பு. கேமரா ஒரே இடத்தில் நின்றால் 'கட்! கட்!' என்று கூச்சல். முடியும்போது ஊளைச் சத்தம். அந்தோனியோனியும், கிளாவ்தியாவாக நடித்த மோனிகா வித்தியும் அரங்கை விட்டு வெளியேறினார்கள். வித்திக்கு அதுதான் முதல் பெரிய வேஷம். அழுதுகொண்டே போனார் என்கிறார்கள். அழமாட்டாரா பின்னே? படத்தை எடுத்ததே ஒரு பெரிய கதை. பாதி ஷூட்டிங்கில் தயாரிப்புக் கம்பெனி கையை விரித்துவிட்டது. கொந்தளிக்கிற கடலுக்கு நடுவே, சம்பளம் வராமல், அந்தப் பாறைத் தீவுகளில் யூனிட்டே மாட்டிக்கொண்டது. பிறகு சினோ தெல் தூக்கா என்ற பத்திரிகை அதிபர் பணம் போட்டதால்தான் படம் கரையேறியது. அவ்வளவு பட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால், உனக்கு எடிட்டிங் தெரியாதா என்று கேட்கிறார்கள்.

மறுநாள் காற்று மாறியது. இயக்குநர் ரொபெர்த்தோ ரொஸ்ஸெல்லினியும், இன்னும் பல கலைஞர்களும் விமர்சகர்களும் கையெழுத்துப் போட்டு ஓர் அறிக்கை விட்டார்கள். இது அசாதாரணமான படம், இதற்குக் காட்டப்பட்ட வெறுப்பு எங்களை அதிர வைக்கிறது என்ற அர்த்தத்தில். விழா முடிவில் தங்கப்பனை ஃபெலினியின் 'லா தொல்ச்சே வீத்தா'வுக்குப் போனது. நடுவர் குழுவின் பரிசு, ஜப்பானியரான கோன் இச்சிகாவாவின் ஒரு படத்தோடு சேர்த்து, லாவென்தூராவுக்கு. புதிய சினிமா மொழியைத் தேடியதற்காகவும் காட்சிகளின் அழகுக்காகவும் என்று காரணம் சொன்னார்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், அந்த வருஷம் நடுவர் குழுவின் தலைவர் யார் என்பது. ஜார்ஜ் சிமெனான். போலீஸ் அதிகாரி மெக்ரேயை வைத்து வண்டி வண்டியாகத் துப்பறியும் நாவல் எழுதியவர். காணாமல் போனவளைக் கண்டுபிடிக்காத படத்துக்கு அவர் தலைமையில் பரிசு! :-)

அதே 1960இல்தான் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வும் வந்தது. அங்கேயும் முன்னணி நடிகை பாதிக்கு முன்னாலேயே காலி. ஆனால் அங்கே யாரும் கோபப்படவில்லை, வரிசையில் நின்று பார்த்தார்கள். ஏன்னா ஹிட்ச்காக் கடைசியில் கணக்கை நேர் செய்துவிடுகிறார். கொலை, கொலைகாரன், கூடவே ஒரு டாக்டரின் விளக்கவுரை. அந்தோனியோனி கணக்கே காட்டமாட்டேன் என்கிறார். நம்ம பாஷையில் சொன்னால், ஆடியன்ஸ் பக் ரிப்போர்ட் போட்டார்கள், இவர் 'டிசைனே அப்படித்தான்' என்று டிக்கெட்டை மூடிவிட்டார்.

படத்தை நான் லேப்டாப்பில் ஒரு சனிக்கிழமை ராத்திரி பார்த்தேன். தீவில் தேடுகிற இடத்தில் ரெண்டு தடவை நிறுத்தி மணி பார்த்தேன். ரூம்மேட் பாதித் தூக்கத்தில் எழுந்து, "அந்தப் பொண்ணு கிடைச்சாளாடா?" என்றான். இல்லைன்னேன். "அப்ப எதுக்குடா முழிச்சிட்டிருக்க?" என்று திரும்பிப் படுத்துவிட்டான். நியாயமான கேள்வி.

என் பதில் இதுதான். ஒரு கட்டத்தில் எனக்கே அன்னா மறந்துபோனாள். சாந்த்ரோவும் கிளாவ்தியாவும் சேருவார்களா என்று நான் பார்க்க ஆரம்பித்திருந்தேன். பின்னால் கிளாவ்தியாவே ஒப்புக்கொள்கிறாள், முன்பு அன்னா செத்திருப்பாளோ என்று பயந்தவள், இப்போது உயிரோடு இருந்துவிடுவாளோ என்று பயப்படுவதாக. அந்த இடத்தில் பகீர் என்றது. ஒருத்தியை மறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று படம் நம்மை வைத்தே அளந்து காட்டிவிடுகிறது. அதுக்கு அந்த இழுவை வேண்டும். அரை மணி நேரம் வெட்டியிருந்தால் இது நடந்திருக்காது.

அதனால் ஊளையிட்டவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இழுக்கிறான் என்று அவர்கள் சொன்னது உண்மை. கையெழுத்துப் போட்டவர்கள் சொன்னதும் உண்மை. ரெண்டு கோஷ்டியும் அதே நீளமான காட்சிகளைத்தான் சுட்டிக்காட்டினார்கள். ஆனால் அந்த அறிக்கைக்குப் பிறகு, போரடிக்குதுன்னு சொல்பவனுக்கு ரசனை இல்லை என்று ஒரு முத்திரை விழ ஆரம்பித்தது பாருங்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை.

படம் அப்புறம் பல நாடுகளில் நன்றாகவே ஓடியது. 1962இல் 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகை உலக விமர்சகர்களிடம் எடுத்த வாக்கெடுப்பில் 'சிட்டிசன் கேன்'க்கு அடுத்து இரண்டாம் இடம். வெளிவந்து இரண்டே வருஷம்! ஆனாலும் சண்டை அடங்கவில்லை. அமெரிக்க விமர்சகர் பாலின் கேல் இதை 1961இன் சிறந்த படம் என்று தூக்கி வைத்தார். அடுத்து வந்த 'லா நோத்தே'யைக் கிழித்துத் தொங்கவிட்டார். ஆண்ட்ரூ சாரிஸ், அந்தோனியோனி பெயரையும் அலுப்பைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லையும் ஒட்டி ஒரு கிண்டல் வார்த்தையே உருவாக்கினார். இங்மர் பெர்க்மனுக்கு நேர்மாறான கட்சி. அந்தோனியோனி எடுத்ததில் 'லா நோத்தே', 'ப்ளோ-அப்' ரெண்டும்தான் மாஸ்டர்பீஸ், மற்றதைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று 2002இல் சொன்னார். விதியைப் பாருங்கள், இருவரும் இறந்தது ஒரே நாளில், 2007 ஜூலை 30.

ரொஸ்ஸெல்லினி ஏன் முதல் ஆளாக வந்து நின்றார் என்று யோசித்தேன். 1954இல் அவருடைய 'இத்தாலிப் பயணம்' வந்தபோது, நேப்பிள்ஸில் சும்மா சுற்றுகிற ஒரு தம்பதி, கதையே இல்லை என்று இத்தாலியில் அடித்துத் துவைத்தார்கள். அதைத் தாங்கிப் பிடித்தது பிரெஞ்சு இளவட்டங்கள்தான். அடி வாங்கிய ஆளுக்குத்தான் அந்த வலி தெரியும் போல. அதே பத்திரிகையின் 2022 வாக்கெடுப்பில் லாவென்தூரா 72ஆம் இடத்துக்கு இறங்கிவிட்டது. அந்த 72ஐப் பகிர்ந்துகொள்ளும் படங்களில் ஒன்று 'இத்தாலிப் பயணம்'.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ராத்திரி புல் மீல்ஸ் கட்டிவிட்டு மட்டும் உட்காராதீர்கள்.