கடன் பத்திர முன்பேரச் சந்தை: மெதுவாக நகர்ந்தாலும் கையைச் சுடும்

கைப்பேசி ஒன்று இருந்தால் போதும், வீட்டில் இருந்தபடியே சிகாகோ சந்தையில் வாங்கி விற்கலாம் என்ற விளம்பரங்கள் இன்று பெருகிவிட்டன. அரசாங்கக் கடன் பத்திர முன்பேரச் சந்தை நிதானமானது, புதியவர்களுக்கு ஏற்றது என்றும் சொல்லப்படுவதுண்டு. நிதானமானது என்பது உண்மைதான். ஆனால், நிதானமாக நகரும் சந்தையிலும் பணம் கரையும்.

முன்பேரம் என்றால் என்ன?

ஒரு பொருளைப் பின்னொரு தேதியில் வாங்கவோ விற்கவோ இன்றே விலை பேசி ஒப்புக்கொள்வதே முன்பேரம். முழுத் தொகையையும் கட்டத் தேவையில்லை. ‘மார்ஜின்’ எனப்படும் வைப்புத் தொகை போதும். ஆனால், லாப நட்டம் முழு மதிப்பின் மீதே கணக்கிடப்படும். வாங்கியதை அன்றே விற்றுக் கணக்கை முடிப்பதுதான் நாள் வணிகம்.

நாட்டில் பலருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு செம்பனை எண்ணெய். 1980-இல் கோலாலம்பூரில் தொடங்கிய அதன் முன்பேர வணிகம் இன்று புர்சா மலேசியாவில் நடக்கிறது. ஓர் ஒப்பந்தம் 25 டன். டன்னுக்கு 4,000 வெள்ளி என்றால் ஒப்பந்தத்தின் மதிப்பு 100,000 வெள்ளி. ஒரே நாளில் டன்னுக்கு 50 வெள்ளி இறங்கினால், வாங்கியவருக்கு 1,250 வெள்ளி நட்டம்.

கடன் பத்திரத்தில் என்ன வேறுபாடு?

அமெரிக்க அரசாங்கத்தின் 30 ஆண்டுப் பத்திரத்திற்கு 1977-லும், 10 ஆண்டுப் பத்திரத்திற்கு 1982-லும் சிகாகோவில் முன்பேர வணிகம் தொடங்கியது. 10 ஆண்டு ஒப்பந்தத்தின் முகமதிப்பு 100,000 டாலர். வட்டி விகிதம் ஏறினால் பத்திர விலை இறங்கும். வட்டி இறங்கினால் விலை ஏறும். விலையின் மிகச் சிறிய நகர்வான ஒரு ‘டிக்’ 15.625 டாலர்.

இந்தச் சந்தையில் வங்கிகளும் பெரிய நிதி நிறுவனங்களும் ஒவ்வொரு விலையிலும் ஏராளமான ஒப்பந்தங்களுடன் காத்திருக்கின்றன. அதனால் விலை சாதாரண நாட்களில் சட்டென்று தாவுவதில்லை. கச்சா எண்ணெய் அப்படியல்ல. அதன் ஓர் ஒப்பந்தம் 1,000 பீப்பாய். 2020 ஏப்ரல் 20-ஆம் தேதி அதன் விலை பூஜ்யத்திற்கும் கீழே போய், பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது.

செம்பனை எண்ணெய்க்கு மழை, விளைச்சல், கையிருப்பு விவரங்கள் முக்கியம். கடன் பத்திரத்திற்கோ அமெரிக்க வேலைவாய்ப்பு, பணவீக்க அறிக்கைகளே முக்கியம். அவை மலேசிய நேரப்படி இரவு 8.30 அல்லது 9.30 மணிக்கு வெளியாகும். வேலை முடிந்து வீடு திரும்பியவர்களை இச்சந்தை ஈர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால், அந்தச் சில நிமிடங்களில்தான் நிதானமும் காணாமல் போகும்.

2014 அக்டோபர் 15-ஆம் தேதி, பெரிய செய்தி எதுவும் இல்லாமலேயே, 10 ஆண்டுப் பத்திரத்தின் வட்டி விகிதம் 12 நிமிடங்களுக்குள் 0.16 விழுக்காட்டுப் புள்ளி இறங்கி மீண்டும் ஏறியது.

கட்டணம் தின்னும் லாபம்

மெதுவான சந்தையில் கிடைக்கும் லாபமும் சிறியது. ஒரு முறை வாங்கி விற்க 5 டாலர் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டிக் வென்றால் கையில் நிற்பது 10.625 டாலர். ஒரு டிக் தோற்றாலோ போவது 20.625 டாலர். அப்படியானால் மூன்றில் இரண்டு முறை வென்றால்தான் முதல் ஏறக்குறைய அப்படியே இருக்கும். இதைச் சரிக்கட்டப் பலர் ஒப்பந்தங்களின் எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள். அப்போது அபாயமும் அதே அளவு கூடுகிறது.

பங்குக் குறியீட்டு முன்பேரத்தில் நாள் வணிகம் செய்தவர்களைப் பற்றி பிரேசிலில் ஓர் ஆய்வு நடந்தது. 300 நாட்களுக்கு மேல் தொடர்ந்தவர்களில் 97 விழுக்காட்டினர் நட்டமடைந்திருந்தனர்.

கவனிக்க வேண்டியவை

மலேசியாவில் முன்பேரத் தரகர்கள் பங்குப் பத்திர ஆணையத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் இல்லாதவர்களின் எச்சரிக்கைப் பட்டியலையும் ஆணையம் வெளியிடுகிறது. பணம் கட்டுமுன் இரண்டையும் பார்த்துக்கொள்வது நல்லது. தனிநபர் வங்கிக் கணக்கில் பணம் போடச் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். பிள்ளைகளின் படிப்புக்கும் வீட்டுத் தவணைக்கும் எடுத்து வைத்த பணம், எவ்வளவு நிதானமான சந்தையானாலும், மார்ஜினாகப் போகக் கூடாது.