யார் கையால்?



கிறிஸ்தவ சபைகளின் ஒற்றுமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 1919ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவார்கள். அந்த ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் ஆங்கிலிக்கன் சபையையும் தென்னிந்திய ஐக்கிய சபையையும் சேர்ந்த ஊழியர்கள் தரங்கம்பாடியில் கூடினார்கள். பெரும்பாலோர் இந்தியர்கள். வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912இல் தோர்ணக்கல் பேராயராகி, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் என்று பெயர் பெற்ற வி.எஸ். அசரியா அவர்களில் முதன்மையானவர். இந்தச் சபைப் பிரிவுகளை நாம் உண்டாக்கவில்லை, அவை வெளியிலிருந்து நம்மீது சுமத்தப்பட்டவை என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

வாதம் சரிதான். ஐரோப்பாவில் அரசர்களும் குருமார்களும் போட்ட சண்டைக்கும் நம் சேரிகளுக்கும் என்ன உறவு? ஆனால் கப்பலேறி வராத, இந்த மண்ணிலேயே விளைந்த பிரிவு ஒன்றும் சபைக்குள் இருந்தது. அதன் கதையும் அதே தரங்கம்பாடி மிஷனில்தான் தொடங்குகிறது.

சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அந்த மிஷன் 1733இல் ஆரோன் என்னும் வேளாளருக்குக் குருப்பட்டம் அளித்தது. இந்தியச் சீர்திருத்தச் சபைகளில் குருவான முதல் இந்தியர் அவரே. அதே காலத்தில் தஞ்சைப் பகுதியில் இராஜநாயக்கன் என்றொரு உபதேசியார் இருந்தார். பறையர் குலத்தில் பிறந்தவர். தஞ்சை அரசரின் படையில் இருந்தவர். கத்தோலிக்கராயிருந்து லுத்தரனாக மாறியவர். அடுத்த குருவாக அவர் பெயர் எண்ணப்பட்டது. அவர் கையால் மேல்சாதியார் நற்கருணை வாங்கமாட்டார்கள் என்ற காரணத்தால் அது கைவிடப்பட்டது. 1741இல் தியோகு குருவானார். இராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார்.

யார் கையால் வாங்குவது? சபை வரலாற்றை நாம் இந்த ஒரு கேள்வியைக் கொண்டே படிக்கலாம்.

1833இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று சுற்றுமடல் அனுப்பினார். தனி இருக்கையும் பந்தியில் முன்னுரிமையும் போகவேண்டும் என்றார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் பலர் கோயிலை விட்டே வெளியேறினார்கள். பின்னர் 1840களில் லைப்சிக் லுத்தரன் மிஷன் இங்கே வேரூன்றியபோது, அவர்களில் பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். சாதி என்பது சமூக ஏற்பாடு, சுவிசேஷம் அதைக் காலப்போக்கில் கரைத்துவிடும் என்பது அந்த மிஷனின் நிலைப்பாடு. 1850இல் சென்னையின் பல மிஷன்களைச் சேர்ந்த ஊழியர்கள் ஒன்றுகூடி, பறையர் சமைத்த உணவை உண்ண மறுப்பவரைச் சாதியை விட்டவராகக் கொள்ள முடியாது என்று அறிவித்தார்கள். லைப்சிக் மிஷன் மட்டும் அதில் சேரவில்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சபைப் பிரிவு சாதிக்கு ஒதுங்குமிடமாகப் பயன்பட்டது. ஒரு சபை சாதியைக் கேள்வி கேட்டால், கதவு திறந்திருக்கும் இன்னொரு சபைக்குப் போய்விடலாம். நம்பிக்கை அறிக்கையை மாற்றிக்கொள்ள முடிந்தவர்களுக்குப் பந்தியை மாற்றிக்கொள்ள முடியவில்லை.

கத்தோலிக்கத் திருச்சபையும் விலக்கல்ல. வடக்கன்குளத்தில் 1870களில் எழுந்த கோயிலுக்கு ஒரே பீடம், இரண்டு கிளைகள். ஒன்றில் வேளாளர், மற்றொன்றில் நாடார்களும் பிறரும். 1910இல் அந்தத் தடுப்பை அகற்றியபோது வேளாளர் நீதிமன்றம் போனார்கள். கோயிலுக்குள் சாதி உரிமை கோர முடியாது என்று சென்னை உயர்நீதிமன்றம் முடித்தது.

தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சுவார்த்தை 28 ஆண்டுகள் நடந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் ஒரே சபையானார்கள். உலகமே வியந்த நிகழ்வு அது. அசரியா அதைப் பார்க்கவில்லை. 1945 ஜனவரி முதல் நாளே மறைந்துவிட்டார்.

அத்தனை ஆண்டுகள் எதைப் பேசினார்கள்? பேராயர் கை வைத்துப் பட்டம் கொடுக்காத போதகரின் கையால் திருவிருந்து வாங்கலாமா என்பதுதான் மிகக் கடினமான கேள்வி. அதற்கு விடை கண்டார்கள். எல்லாச் சபைகளின் போதகர்களையும் ஏற்றுக்கொண்டார்கள்; இனி வருகிறவர்களுக்குப் பேராயர் பட்டம் கொடுப்பார் என்று முடிவுசெய்தார்கள். அந்தப் பொறுமையை நாம் மதிக்கிறோம். ஆனால் இராஜநாயக்கனின் கையைப் பற்றிய கேள்விக்கு 28 ஆண்டு வேண்டாம், 28 நாளாவது இப்படி உட்கார்ந்து பேசியதுண்டா? ஐக்கியத்தில் சேர்ந்த மக்களில் பெரும்பகுதியினர் தலித்துகள். அசரியாவின் தோர்ணக்கல் மாலா, மாதிகா மக்களால் நிறைந்த பேராயம். அப்படியிருந்தும் அவர்களுடைய கேள்வி பேச்சின் மையத்துக்கு வரவில்லை.

தலித் கிறிஸ்தவர்களை உண்மையில் ஒன்றாக்கியது ஓர் அநீதி. 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியாகக் கருத முடியாது என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். நாம் வெளியிலேயே நிற்கிறோம். நீ கத்தோலிக்கனா, லுத்தரனா, சி.எஸ்.ஐ.யா என்று அந்த ஆணை கேட்கவில்லை. 1985இல் சூசை வழக்கில் உச்ச நீதிமன்றம், மதம் மாறிய பின்னும் அதே இழிவு அதே அளவில் தொடர்வதற்குச் சான்று போதவில்லை என்றது. சான்று நம் கல்லறைத் தோட்டங்களில் இருக்கிறது. தனித்தனியாகப் பிரிந்து கிடக்கிறது. அதைச் சொல்ல வேண்டியவை சபைகள். சொன்னால் தங்கள் பாவத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்று ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு நாளாகக் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்தே அனுசரிக்கிறார்கள். இறையியல் மாநாடுகள் பல கூடியும் உருவாகாத தோழமை அந்தத் தெருப்போராட்டத்தில் உருவாகியிருக்கிறது.

இன்னொரு முன்மாதிரியும் நமக்கு உண்டு. 1969இல் லுத்தரன் சபைகளும் தென்னிந்தியத் திருச்சபையும் இணைந்து மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியை அமைத்தன. அங்கே ஆசிரியராயிருந்த ஜே. தியோபிலஸ் அப்பாவு, நம் மக்களுக்குப் பறட்டை அண்ணன், பறையையும் நாட்டுப்புறப் பாட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். அவர் விடாமல் வலியுறுத்தியது 'ஒரு உலை' என்ற கருத்து. அவரவர் கொண்டுவந்ததை ஒரே உலையில் போட்டு, பொங்கி, சேர்ந்து உண்பது. 1850இல் மிஷனரிகள் மற்றவர்களைச் சோதிக்க வைத்த பந்தியை, இவர் நம் மக்கள் தாமே விரிக்கும் பந்தியாக்கினார்.

ஒப்புரவு என்ற சொல்லைச் சபைகள் இப்போது அடிக்கடி சொல்கின்றன. 'பழையதை மறந்துவிடுவோம், ஒற்றுமை கெடும்' என்று நம்மிடம் கேட்பதற்குப் பெயர் ஒப்புரவு அல்ல. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் மன்னிப்பு இல்லை என்பது அவர்கள் போதிக்கும் பாடம்தான். ஆகவே சபைகள் ஒன்றுகூடும் மேடையில் நாம் மூன்று கேள்விகளைக் கேட்போம். உங்கள் கல்லறையில் சுவர் இருக்கிறதா? உங்கள் பிள்ளைகளின் திருமணத்துக்குச் சபை தடையா, சாதி தடையா? எங்கள் சேரியில் பிறந்த போதகரின் கையால் உங்கள் ஊர் திருவிருந்து வாங்குகிறதா?

இவற்றுக்கு நேர்மையாகப் பதில் சொல்லும் சபை எந்தப் பிரிவைச் சேர்ந்ததானாலும் அது நம் சபை. இராஜநாயக்கனுக்கு மறுக்கப்பட்ட கிண்ணம் இன்னும் பீடத்தின் மேல்தான் இருக்கிறது. அதை அவர் பேரப்பிள்ளைகள் எடுத்துக் கொடுக்க, எல்லாரும் வாங்கிக் குடிக்கும் நாளில் சபைகளின் ஐக்கியத்தை நாமும் கொண்டாடுவோம்.