வீரபாண்டி இழந்த சபை

திருப்பூர் மாநகராட்சி 2011-இல் விரிந்தபோது, பல்லடம் சாலையை ஒட்டிய வீரபாண்டி ஊராட்சியும் அதற்குள் போனது. வரி கூடியதா, குடிநீர் வந்ததா என்று அன்று முதல் பேசிக்கொண்டிருக்கிறோம். கிராம சபை போனதைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் கீழ் அது கூடிவந்த ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் தொழிற்கூடங்களுக்குச் சட்டப்படி விடுமுறை நாட்கள். பனியன் கம்பெனியில் டைலராக இருப்பவர் ஒரு நாள் கூலியை இழக்காமல் போய் உட்காரலாம்; வரவு செலவைப் படிக்கச் சொல்லலாம்; தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்தும் போடலாம். மாநகராட்சி வார்டில் 2022 வரை அப்படி உட்கார இடமில்லை. போதாக்குறைக்கு, 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த கவுன்சிலர்களுக்குப் பதிலாக ஆள் தேர்ந்தெடுக்க 2022 பிப்ரவரி ஆயிற்று.

சபை போனாலும் பொதுக்காரியத்தில் சேர இன்னொரு வழி வந்தது. இணையவழித் தொண்டு தமிழ்நாட்டில் வேர்பிடித்தது ஏறக்குறைய இதே காலத்தில்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைத் தன்னார்வலர்கள் ஓர் இணையதளத்தில் படகு, சாப்பாடு, தங்குமிடம் கொடுப்போரையும் கேட்போரையும் பட்டியலிட்டு, பதிவுகளைப் போனில் கூப்பிட்டுச் சரிபார்த்தார்கள். பட்டியலைப் பயனுள்ளதாக்கியது அந்தச் சரிபார்ப்புதான். அதே 2015-இல் இங்கே தொடங்கிய ‘வனத்துக்குள் திருப்பூர்’, தண்ணீரும் வேலியும் உறுதி என்று சொல்லும் நிலத்துக்காரருக்கே மரக்கன்று நட்டுத் தருகிறது. ஆள் திரட்ட என்ன வழி இருந்தாலும், நட்ட பிறகு யார் பொறுப்பு என்று முதலிலேயே பேசிவிடுவதால்தான் கன்று பிழைக்கிறது.

கிராம சபையை இப்படி உயர்த்திப் பேசலாமா, அங்கே சாதியும் தோட்டக்காரர் குரலும்தானே ஓங்கி நின்றன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஊரார் கூடி ஏரி குளங்களைப் பராமரித்ததாக நாம் பெருமையோடு சொல்லும் குடிமராமத்துக்கே 1858-இல் மதராஸ் மாகாணத்துக்கென்று கட்டாய உழைப்புச் சட்டம் போட வேண்டியிருந்தது. எல்லாரும் மனமுவந்து மண்வெட்டி எடுக்கவில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து பனியன் கம்பெனிகளில் வேலை பார்ப்பவருக்கு, இங்கே வாக்காளர் பட்டியலில் பேர் இல்லாவிட்டால் கிராம சபையிலும் இடம் கிடையாது. இணையப் பதிவு அவருடைய ஊரையும் சாதியையும் கேட்பதில்லை. அந்த வகையில் அது பழைய சபையைவிட மேல். ஆனால் குளம் தூர்வார வந்தவர், அந்தக் குளத்துக்கு ஒதுக்கிய பணம் எங்கே போனது என்று கேட்டால், பதில் சொல்லக் கடமைப்பட்டவர் எந்தத் தன்னார்வ இணையதளத்திலும் இல்லை. தொண்டு செய்ய வழி திறந்த அளவுக்குக் கணக்குக் கேட்க வழி திறக்கவில்லை.

கிராம சபை போல நகர வார்டு மக்கள் கூடும் பகுதி சபைகளுக்கான விதிகள் 2022 ஜூனில் வந்தன. முதல் கூட்டம் அந்த ஆண்டு நவம்பர் 1-இல் நடந்தது. அது செவ்வாய்க்கிழமை, கம்பெனிகள் ஓடும் நாள். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றி, வார்டின் செலவுக் கணக்கைப் பத்து நாள் முன்பே மாநகராட்சி இணையதளத்தில் தமிழிலும் இந்தியிலும் போட்டுவிட்டால், வீரபாண்டிக்காரர் கேள்வியோடு வருவார்.